பால் க்ளேயிடம் எதைக் கடன் வாங்கலாம்?

ஓவியக் கண்காட்சிகளில் அரூப ஓவியத்துக்கு முன்னால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், "இதை எங்க வீட்டு வாண்டே போட்டுடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இன்னொருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்று, "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க" என்பார். என்ன பண்ணுகிறது என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.

இந்த இரண்டாமவர் எழுதுகிறவராகவோ படம் போடுகிறவராகவோ இருந்துவிட்டால், அடுத்த வாரமே "இன்னார்தான் எனக்கு உந்துதல்" என்று சொல்ல ஆரம்பிப்பார். அவருடைய புதுப் படைப்பைப் பார்த்தால், அந்த ஓவியரின் கட்டங்களும் வட்டங்களும் அப்படியே உட்கார்ந்திருக்கும். நிறம் மட்டும் கொஞ்சம் சோகையாக.

நானும் அந்த வரிசையில் நின்றவன் என்பதால் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. உந்துதல் என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம். ஒருவர் வரைந்த படத்திலிருந்து இன்னொருவர் கைக்கு உண்மையில் என்ன வந்து சேர்கிறது என்று கேட்பதில்லை. ஏதோ மின்னல் வெட்டும், நமக்கும் எழுத வரும் என்று விட்டுவிடுகிறோம். அவ்வளவு மர்மம் அதில் கிடையாது. ஒரே ஓவியரை, சுவிட்சர்லாந்தில் பிறந்த பால் க்ளேயை, எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கலாம். அவர் படங்களிலிருந்து ஒரு தத்துவவாதியும், இரண்டு இசையமைப்பாளர்களும், நம் நாட்டு ஓவியர் ஒருவரும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாலு பேரும் எடுத்தது நாலு விதம்.

முதலில் ரசம்

தெரிந்தவர் வீட்டில் ரசம் சாப்பிடுகிறீர்கள். பிரமாதமாக இருக்கிறது. அங்கிருந்து எதைக் கொண்டுவர முடியும்?

தூக்குச்சட்டியில் ரசத்தையே கேட்டு வாங்கி வரலாம். ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். "அடடா, என்ன ருசி" என்ற நினைப்பைக் கொண்டுவரலாம். அதை வைத்து அடுப்பு மூட்ட முடியாது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: அடுப்படியில் போய் நின்று பார்ப்பது. மிளகையும் சீரகத்தையும் மையாகப் பொடிக்காமல் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுகிறார். ரசத்தைத் தளதளவென்று கொதிக்க விடாமல், நுரை கட்டி வரும்போதே இறக்கிவிடுகிறார். இந்த இரண்டு விஷயம் கண்ணில் பட்டுவிட்டால் போதும். உங்கள் புளி, உங்கள் பருப்புத் தண்ணீர், உங்கள் ஈயச் சொம்பு என்று உங்கள் வீட்டு ரசம் ஒன்று புதிதாகப் பிறக்கும். அது அவர் வீட்டு ரசம் மாதிரி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஓவியத்திலும் இதே மூன்று வழிதான். தோற்றத்தைத் தூக்கி வருவது, மயக்கத்தைத் தூக்கி வருவது, பக்குவத்தைப் பார்த்து வருவது. இந்தப் பக்குவத்தைத்தான் கட்டுரை முழுக்க "விதி" என்று சொல்லப்போகிறேன். ஓவியர் தனக்குத்தானே போட்டுக்கொண்டு, அந்தப் படம் முடியும்வரை கடைப்பிடித்த செய்முறை என்று அதற்குப் பொருள் வைத்துக்கொள்ளுங்கள்.

அரூபம் ஒன்றும் அந்நியம் இல்லை

விடிகாலையில் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறார்கள். புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிக் கம்பி இழுத்து, கிளம்பிய இடத்துக்கே கோடு வந்து சேர்கிறது. அந்த வழியாகப் போகிற யாராவது, "இதுக்கு என்னம்மா அர்த்தம், இதுல எது மரம், எது மாடு?" என்று கேட்பார்களா? கச்சேரியில் பாடகர் அரை மணி நேரம் ஆலாபனை செய்கிறார். ஒரு சொல்கூடக் கிடையாது. "என்ன சொல்ல வர்றார்?" என்று பக்கத்து நாற்காலியில் கேட்டால் முறைப்பார்கள்.

கோட்டையும் ஒலியையும் அவற்றுக்காகவே ரசிக்க நமக்கு நன்றாகவே தெரியும். அதையே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கீழே ஒரு சீட்டு ஒட்டி, விளக்குப் போட்டுவிட்டால்தான் திடீரென்று பயம் வந்துவிடுகிறது. பரீட்சை எழுத உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறோம்.

அரூப ஓவியம் என்றால், உலகத்தில் இருக்கும் ஒரு பொருளை அடையாளம் தெரியும்படி காட்டுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளாத ஓவியம். அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஓவியர் ஒரு பொருளிலிருந்து தொடங்கி, வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறார். பேருந்து வழித்தட வரைபடம் அப்படிப்பட்டதுதான். சாலையின் வளைவு, மேடு, ஓரத்து டீக்கடை எல்லாம் போய், நிறுத்தங்களின் வரிசை மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது வகையில் பொருளே கிடையாது. ஆலாபனை மாதிரி, கோடு, நிறம், இடைவெளி இவற்றிலிருந்தே வேலை ஆரம்பமாகிறது.

க்ளே இரண்டையும் செய்தார். சுத்தமான அரூப ஓவியர் என்று அவரை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. ஒரு படத்தில் வெறும் வண்ணச் சதுரங்கள் இருக்கும்; அடுத்ததில் மீனும் நிலாவும் வந்து நிற்கும். தொடங்குகிறவர்களுக்கு அவர் நல்ல வழிகாட்டியாக இருப்பதும் இதனால்தான். எதைக் கழித்தார், எதை விட்டுவைத்தார் என்று பார்ப்பதற்குத் தடயம் கிடைக்கிறது.

வயலின் வாசித்த ஓவியர்

1879-ல் பெர்ன் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா இசை ஆசிரியர், அம்மா பாடகி. க்ளே சிறு வயதிலேயே வயலினில் தேர்ந்து, பெர்ன் இசைக்குழுவிலும் வாசித்தவர். 1914 ஏப்ரலில் ஆகஸ்ட் மாக்கெ, லூயி முவாலியெ என்ற இரண்டு ஓவிய நண்பர்களோடு துனீசியாவுக்குப் போனார். அதுவரை கோட்டோவியத்திலேயே கூடுதலாக ஊறியிருந்தவர், அங்கே கைருவான் ஊரின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நிறம் தன்னைப் பிடித்துக்கொண்டது, தானும் நிறமும் ஒன்று, தான் ஓர் ஓவியன் என்று நாட்குறிப்பில் எழுதினார். வருஷக்கணக்காகப் படம் போட்டுக்கொண்டிருந்த 34 வயதுக்காரர் இதை எழுதுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1921 முதல் 1931 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தினார். நமக்கு முக்கியமான பகுதி இதுதான். பெரும்பாலான ஓவியர்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். க்ளே திறந்து வைத்தார். வகுப்புக்காக அவர் எழுதிய குறிப்புகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு சிறு பகுதி 1925-ல் பயிற்சிக் கையேடாக வந்தது. அதன் முதல் பாடம், இலக்கில்லாமல் சும்மா உலாவப் போகிற ஒரு கோடு. அடுத்தடுத்து, அந்தக் கோட்டோடு கூடவே ஓடுகிற துணைக்கோடுகள் வருகின்றன. பிறகு, முன்கூட்டியே குறித்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டிய கோடு வருகிறது. முதல் கோட்டுக்கு மாலை நேரக் கடற்கரை நடை என்றால், இந்தக் கோட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற அலைச்சல். கோலம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பிறகு டுசெல்டார்ஃப் கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1933-ல் நாஜிகள் வந்ததும் அந்த வேலை போயிற்று. பெர்னுக்குத் திரும்பி, 1940-ல் இறந்தார்.

ஒரு சின்னச் செய்தி, அந்த "எங்க வீட்டு வாண்டே போட்டுடும்" ஆசாமிக்காக. க்ளே தன் படைப்புகளுக்கு வருடம், எண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் தான் குழந்தையாக இருந்தபோது கிறுக்கிய சில படங்களையும் சேர்த்திருந்தார். ஆகவே அந்த விமர்சனம் அவர் காதில் விழுந்திருந்தால் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பார்க்கும்போது என்ன நடக்கிறது

மாம்பழப் படம் ஒன்றைப் பார்க்கிறீர்கள். "மாம்பழம்" என்று மனம் பெயர் சொல்லிவிடுகிறது. பெயர் வந்ததும் கண்ணின் வேலை முடிந்தது. மஞ்சள் எந்த இடத்தில் சிவப்பாகத் திரும்புகிறது, ஓரக்கோடு எங்கே தடிக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும். அன்றாட வாழ்க்கைக்கு இது நல்ல ஏற்பாடு. எதிரே வருவது லாரி என்று தெரிந்ததும் ஒதுங்க வேண்டும். அதன் பச்சை நிறத்தை ஆராய்ந்துகொண்டு நிற்கக் கூடாது.

அரூப ஓவியத்தில் பெயர் கிடைப்பதில்லை. மனம் தேடுகிறது, மறுபடி தேடுகிறது. பெயர் கிடைக்காத வரையில் கண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கோடு எங்கே போகிறது, இந்த நீலம் ஏன் அந்த மூலையிலும் இருக்கிறது என்று வேறு வழியில்லாமல் பார்க்கத் தொடங்குகிறோம். "என்னமோ பண்ணுது" என்பதன் முதல் பாதி இதுதான்: வழக்கமாக ஓய்வெடுக்கிற கவனம் வேலை செய்கிறது.

தேடல் தொடரும்போது மனம் இன்னொரு காரியமும் செய்யும். இல்லாத பெயரைத் தானே கொண்டுவந்து ஒட்டும். மேகத்தில் யானையும், மொசைக் தரையில் கிழவன் முகமும் தெரிவது இந்தப் பழக்கத்தால்தான். தெளிவில்லாத வடிவத்தில் தெரிந்த உருவத்தைக் காணும் இந்தப் போக்குக்குப் பாரைடோலியா என்று பெயர். லியோனார்டோ டா வின்சி இதை ஒரு பயிற்சியாகவே சொல்லியிருக்கிறார்: கறை படிந்த சுவரை உற்றுப் பாருங்கள், மலையும் ஆறும் சண்டைக் காட்சியும் தெரியும் என்று. நம் நினைவில் இருப்பதுதான் அந்தச் சுவரில் தெரியும் என்பதால், வெளியே வருவது நம் சொந்தச் சரக்கு.

ஆனால் பலர் இந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். "எனக்கு இதுல யானை தெரியுது" என்பது சுவாரசியமான விளையாட்டுதான். அதோடு நின்றுவிட்டால் கறைச் சுவருக்கும் க்ளேவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். சுவரை யாரும் யோசித்துச் செய்யவில்லை. க்ளே யோசித்துச் செய்தார். அவர் போட்டுக்கொண்ட விதியைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த படி. அதைக் கண்டுபிடித்து, நம் கையில் இருக்கிற பொருளில், அது சொல்லோ, சுரமோ, துணியோ, நடத்திப் பார்ப்பது கடைசிப் படி.

இதுவரை வந்ததைத் திருப்பிப் பார்த்தால்: பெயர் கிடைக்காததால் கவனம் விழித்துக்கொள்கிறது, வெற்றிடத்தில் நம் நினைவுகள் வந்து உட்காருகின்றன, பொறுமையாக நின்றால் படத்தின் விதி பிடிபடுகிறது, அந்த விதியை வேறு பொருளுக்கு மாற்றலாம். எல்லோருக்கும் நாலும் நடப்பதில்லை. சிலருக்கு இரண்டாவது மட்டுமே நடந்து, அதுவே பெரிய காரியமாகவும் ஆகியிருக்கிறது.

படத்தில் இல்லாத புயல்

1920-ல் க்ளே 'ஆங்கெலுஸ் நோவுஸ்' என்ற சிறிய படம் ஒன்றைச் செய்தார். புதிய தேவதை என்று பொருள். சுருட்டிய காகிதங்கள் போல முடி, விரிந்த கைகள், பெரிய கண்கள், மெலிந்த கால்கள். அவ்வளவுதான். பின்னால் பழுப்பு மங்கல்.

இதைச் செய்த விதமே ஒரு கதை. பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவோம் இல்லையா, அதே வேலை. ஒரு தாளில் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பூசி, அதைச் சுத்தமான தாளின் மேல் கவிழ்த்து வைத்து, மேலே கூர்மையான முனையால் வரைவார். அழுத்திய இடத்தில் கோடு கீழே இறங்கும். கை தெரியாமல் பட்ட இடத்தில் கறை இறங்கும். அந்தக் கறையை க்ளே துடைப்பதில்லை. அப்படியே வைத்துக்கொண்டு மேலே நீர்வண்ணம் பூசுவார்.

ஜெர்மானியத் தத்துவவாதி வால்டர் பென்யமின் 1921-ல் இந்தப் படத்தை வாங்கினார். கடைசிவரை அதைத் தன் பெரிய சொத்தாக நினைத்தார். 1940-ல், நாடு கடந்து பிரான்சில் இருந்த காலத்தில், வரலாறு பற்றி அவர் எழுதிய குறிப்புகளில் ஒன்பதாவது இந்தப் படத்தைப் பற்றியது. வரலாற்றின் தேவதை கடந்த காலத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் காலடியில் இடிபாடுகள் மேலும் மேலும் குவிகின்றன. நின்று, செத்தவர்களை எழுப்பி, உடைந்ததைச் சேர்த்து வைக்க அதற்கு ஆசை. சொர்க்கத்திலிருந்து அடிக்கிற புயல் சிறகில் மாட்டிக்கொண்டு, அதை முதுகுப்பக்கமாக எதிர்காலத்துக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் புயலைத்தான் நாம் முன்னேற்றம் என்கிறோம் என்று முடிக்கிறார்.

இதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் இடிபாடு இல்லை. புயல் இல்லை. பிணம் இல்லை. ஒரு தேவதையும் கறைகளும்தான். கிட்டத்தட்ட இருபது வருஷம் ஒரே படத்தை மனதில் வைத்து வாழ்ந்த ஒருவர், தன் காலத்தின் இடிபாடு முழுவதையும் அந்தப் பழுப்பு வெற்றிடத்தில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். க்ளே இடிபாடுகளையும் வரைந்து வைத்திருந்தால், பென்யமினுக்கு அங்கே எழுத இடம் இருந்திருக்காது. அந்த வருஷம் ஜூனில் க்ளே இறந்தார். செப்டம்பரில், தப்பிக்கும் வழியில் ஸ்பெயின் எல்லையில், பென்யமின் உயிரை விட்டார். படம் இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே படங்கள், இரண்டு காதுகள்

அமெரிக்க இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் 1959-ல் க்ளேயின் ஏழு படங்களை எடுத்து, ஏழு பகுதி கொண்ட இசைக்குழுப் படைப்பாகச் செய்தார். அதில் ஒன்று 'கீச்சிடும் இயந்திரம்'. 1922-ல் வந்த அந்தப் படத்தில், ஒரு கம்பியில் நாலு பறவைகள் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் திருகுகிற கைப்பிடி இருக்கும். சுற்றினால் பறவைகள் கத்தும் போல. ஷுல்லரின் இசையிலும் கருவிகள் துண்டு துண்டாகக் கீச்சிடுகின்றன. நீலப் பிசாசுப் படத்துக்கு ஜாஸ் வாசனை வருகிறது. அரபு ஊரின் படத்துக்குத் தொலைவிலிருந்து ஒரு புல்லாங்குழல் கேட்கிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. படத்தில் என்ன தெரிகிறதோ அதைக் காதுக்கு மாற்றிக் கொடுக்கிறார்.

பிரான்சின் பியேர் பூலேஸ் வேறு மாதிரி போனார். க்ளேயின் வகுப்புக் குறிப்புகளை அவர் கையில் கொடுத்தவர் இன்னொரு இசையமைப்பாளரான ஷ்டொக்ஹௌசன். இசையமைக்கக் கற்றுக்கொள்ள க்ளேதான் சிறந்த வாத்தியார் என்று சொல்லியே கொடுத்தாராம். இசையைப் பற்றி க்ளே எழுதியிருப்பார் என்று நாம் நினைப்போம். பூலேஸுக்குப் பிடித்தது அது இல்லை. ஒரு சின்ன விஷயத்தை எடுத்து, அதன் அடிவேர் வரை குறைத்து, அதிலிருந்து எத்தனை விளைவுகளை வரவழைக்க முடியும் என்று க்ளே பார்க்கிற விதம்தான் அவரைப் பிடித்தது.

அதற்கு ஓர் உதாரணம். 1928 கடைசியில் க்ளே எகிப்துக்குப் போய், நைல் கரையோரம் பட்டை பட்டையாகக் கிடக்கும் வயல்களைப் பார்த்தார். அடுத்த வருஷம் வந்த படங்களில் வயலும் இல்லை, பயிரும் இல்லை, ஆள்களும் இல்லை. ஒரு பட்டை இருக்கிறது. அது ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு நாலாகிறது, நாலு எட்டாகிறது. அகலப் பட்டைகளும் மெல்லிய பட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. 'நெடுஞ்சாலையும் கிளைப்பாதைகளும்' என்ற 1929 படம் இந்த வகையில் புகழ்பெற்றது. பாகப்பிரிவினைக்கு நிலம் அளந்தவர்களுக்குப் பார்த்ததும் புரியும் விதி: பாதியாக்கு, பாதியைப் பாதியாக்கு.

தாளம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஓர் அட்சரத்தை இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கி வாசிக்கும்போது காலப்பிரமாணம் மாறுவதில்லை, அடர்த்திதான் ஏறுகிறது. க்ளே அதை இடத்தில் செய்தார். பூலேஸ் மாதிரி ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி காலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கண்டுகொண்டார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பூலேஸ் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய ஒரு படைப்பில், சுரம், நீளம், சத்த அளவு எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்த வரிசைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பார்த்தார். விதி மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்ற சோதனை. அதற்கு க்ளேயின் ஒரு படத்தலைப்பை வைக்க நினைத்திருந்தார்: 'வளநிலத்தின் எல்லையில்'. ஒரு பக்கம் பயிர், மறுபக்கம் பாலை. விதியை இறுகப் பிடித்தால் எந்தப் பக்கம் போய் விழுவோம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அந்த இசையைக் கேட்டுப் பாருங்கள். பாலைக்குள் கொஞ்சம் தூரம் போய்விட்டார் என்பது என் அபிப்பிராயம்.

காய்தொண்டே: சாயல் போன பிறகு

க்ளேயின் படங்கள் சீக்கிரமே இந்தியாவுக்கு வந்திருக்கின்றன. 1922 டிசம்பரில் கல்கத்தாவில், இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில், பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகளோடு க்ளேயின் படங்களும் மாட்டப்பட்டன. நான் முதலில் சொன்ன நம் நாட்டு ஓவியர், வாசுதேவ் எஸ். காய்தொண்டே, அப்போது பிறக்கவே இல்லை. அவர் 1924-ல் நாக்பூரில் பிறந்து, பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் 1948-ல் படிப்பை முடித்தவர்.

1950களின் தொடக்கத்தில் அவர் செய்த படங்களைப் பார்த்தால் க்ளேயின் சாயல் பளிச்சென்று தெரியும். மெல்லிய கோடு, சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள், பொம்மை மாதிரி உருவங்கள். நான் முதலில் கேலி செய்த அதே காரியம். ஆனால் அவர் அங்கே தங்கிவிடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உருவங்கள் கழன்றுபோயின, பிறகு கட்டங்களும் போயின. கடைசியில் பெரிய துணிப்பரப்பில் ஒரே நிறம், அதன் ஆழத்திலிருந்து ஏதோ எழுந்து வருவது போல ஒளி, மிதக்கிற சில வடிவங்கள். உருளையால் வண்ணத்தை ஏற்றி, கத்தியால் வழித்தெடுத்து, கிழித்த தாள்களை ஒற்றி எடுத்து வேலை செய்தார். வருஷத்துக்கு ஒரு சில படங்களுக்கு மேல் செய்யமாட்டார். தன் வேலையை அரூபம் என்று சொல்வதே அவருக்குப் பிடிக்காது. பொருள் சாராதது என்பார். எந்தப் பொருளிலிருந்தும் கழித்து வந்ததல்ல என்று அர்த்தம். மேலே சொன்ன இரண்டாவது வகை.

அந்தப் பிற்காலப் படத்தையும் ஒரு க்ளே படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இருவருக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பின் எது மிஞ்சியது? வண்ணத்தை விபத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அவசரப்படாமல் படம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்வரை காத்திருப்பது. க்ளே 1920-ல் ஒரு கட்டுரையில், கலை கண்ணுக்குத் தெரிவதைத் திருப்பிக் காட்டுவதில்லை, கண்ணுக்குத் தெரிய வைக்கிறது என்று எழுதினார். காய்தொண்டே அந்த வரியைச் சுவரில் எழுதி வைத்தாரோ இல்லையோ, நாற்பது வருஷம் அதன்படி நடந்திருக்கிறார். (க்ளேயின் கார்பன் வித்தைக்கும் இவருடைய தாள் ஒற்றலுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.) 2001-ல் அவர் இறந்தார். 2014-ல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்காகப் பெரிய கண்காட்சி வைத்தது.

ஆரம்பத்தில் சாயல் அடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதையும் இவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். கை பழக வேறு வழி கிடையாது. பத்து வருஷம் கழித்தும் அதே சாயல் அடித்தால்தான் விசாரிக்க வேண்டும்.

நான் செய்து பார்த்த ஒன்று

நான் ஓவியன் இல்லை, எழுதுகிறவன். க்ளேயின் 'சிவப்பு ஃபியூக்' என்ற 1921 நீர்வண்ணப் படத்தை அச்சுப்பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். ஃபியூக் என்பது மேற்கத்திய இசையில், ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு துரத்துகிற வடிவம். படத்தில் கறுப்புப் பின்புலம். குடம் மாதிரி ஒன்று, இலை மாதிரி ஒன்று, சில வட்டங்கள், முக்கோணங்கள். ஒவ்வொரு உருவமும் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தடவை இருட்டோடு இருட்டாக, அடுத்தது கொஞ்சம் சிவந்து, அதற்கடுத்தது இன்னும் வெளுத்து, கடைசியில் இளஞ்சிவப்பில் முழுசாக.

முதலில் எனக்கும் குடம்தான் தெரிந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர்க் குழாயடி வரிசை ஞாபகம் வந்து, அதை வைத்து நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். குழாயடியை நினைவுபடுத்த க்ளே தேவையே இல்லை என்று பிறகு உறைத்தது. மறுபடி உட்கார்ந்து, குடத்தை மறந்துவிட்டு, விதியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதினேன்: "அதே பொருள்கள். அதே வரிசை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்." பிறகு சின்ன வயதில், கரண்ட் போன ராத்திரிகளில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருவதை அந்த விதியில் போட்டேன்.

தெருமுனை.

தெருமுனையில் மணி. கொக்கி.

தெருமுனையில் சைக்கிள் மணி. கேட்டுக் கொக்கி. செருப்பு.

தெருமுனையில் சைக்கிள் மணி. கேட்டுக் கொக்கி விழும் சத்தம். வாசலில் செருப்பு. சொம்புத் தண்ணீர். அப்பா.

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. ஆனால் இதில் க்ளேயின் சிவப்பும் இல்லை, குடமும் இல்லை. நான் சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அந்த விதி இல்லாமல் இதை நான் எழுதியிருக்கவும் மாட்டேன். வழக்கம்போல "அப்பா என்றாலே..." என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக உருகியிருப்பேன்.

சில நாள் கழித்து அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். படத்தை இடமிருந்து வலமாகத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் போகலாம். என்னுடைய நாலு வரியைக் கீழிருந்து மேலாக வாசித்துப் பார்த்தேன். அப்பா முதல் வரியோடு போய்விடுகிறார். பிறகு சொம்பு, செருப்பு, கொக்கி, மணி எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் தெருமுனை மட்டும் இருக்கிறது.